திருப்பித் தந்த மணித்தியாலம்

கிறிஸ்மஸ் மரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைக்குமுன்னே
டண்டினோங் தொழிற்சாலையில்
சிலுவை பிழியத் தொடங்கிவிடுவோம்.
குழந்தை இன்னும் மாட்டுக்கொட்டிலில்.
அதற்குள் மாப்பசையில் அதற்கொரு மரணம்,
ஆறு குழாய்களால், தட்டுக்கு இருபத்துநான்கு.

என் வேலை, கோணிய சிலுவையைப் பொறுக்குவது.
ஒரு கை நீண்டது, கால் வழிந்தது,
நடுவில் சந்திக்க மறந்த இரண்டு கோடுகள்.
நீல வாளிக்குள் போடவேண்டும்.
விடியப் பன்றிப் பண்ணைக்காரன் வந்து ஏற்றிப்போவான்.
பன்னிரண்டாயிரம் சிலுவை கடக்கும் ஓரிரவில்
கும்பிட நேரமில்லை;
கும்பிட்டால் நான்கு பணிஸ் தப்பிப் போகும்.

திருநீற்றுப் புதனன்று
நெற்றிச் சாம்பலோடு வேலைக்குப் போனேன்.
வலைத்தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிடச் சொன்னாள்
மேற்பார்வையாளர் லியென்.
"மாவில் விழும்."
அவளும் பூசியிருந்தாள், அதே தொப்பிக்குள்.

தபசுகாலம் முழுக்க வெள்ளிக்கிழமை ஒருசந்தி.
கறுவாவும் தோடம்பழத் தோலும் வெந்து மணக்க
வெறும் வயிற்றோடு நிற்பேன்.
கல்லை அப்பமாக்கச் சொன்னானே பிசாசு, ஆண்டவரே,
உமக்குக் கல்லாவது கல்லாக இருந்தது.
என் முன்னால் எல்லாம் ஏற்கெனவே அப்பம்.

பெரிய வியாழன் பின்னேரம்
பாதம் கழுவப் பன்னிரண்டு பேரில் ஓராள் குறைய
அபுக் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.
இரும்புமூக்குச் சப்பாத்துக்குள் ஏழு வருடம் கிடந்த கால்.
பெருவிரல் நகம் கறுத்துக் கழன்றுவிட்டது.
காலுறையை உருவ மா உதிர்ந்தது,
வெள்ளையாய்க் கொஞ்சம், சிவப்புக் கம்பளத்தில்.
குருவானவர் முழந்தாளில்.
தண்ணீர் இளஞ்சூடு.
யாரோ கேத்திலில் சுடவைத்துக் கலந்திருக்கிறார்கள்.
அந்த யாரோவை நினைத்துத்தான் அழுதேன்,
மன்னியும், உம்மை நினைத்தல்ல.

பூசை முடிய பீடத்துணியை உரிந்து எடுத்தார்கள்.
நற்கருணைக்கு முன் விழித்திருக்க
ஒன்பதுமுதல் பத்துவரை என் பெயர்.
தாளில் நானே எழுதியது,
மெற்றில்டா என்று, நீலப் பேனையால்.
ஒன்பது பத்துக்கே தூங்கிவிட்டேன்.
கடைசி மூன்று இரவும் மேலதிக வேலை.
பேதுருவுக்கு என்ன சாட்டோ, எனக்கு இதுதான்.
அபுக் தோளில் தட்டியபோது பத்தேகால்.
வாயோரம் எச்சில்.
மெழுகுதிரிகளில் பாதி அணைந்திருந்தன.
"ஒரு மணித்தியாலமாவது" என்று நீர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பெரிய வெள்ளி தொழிற்சாலை பூட்டு.
பூங்காவில் சிலுவைப்பாதை, ஐந்தாம் ஸ்தலத்தில் மழை.
இந்த நாட்டில் உயிர்ப்பு
இலை உதிரும்போதுதான் வருகிறது.
யாரும் அதற்காகக் குறைசொல்லிக் கேட்டதில்லை.

சனி இரவு
முற்றத்தில் தீ மூட்டி, பாஸ்காத் திரி ஏற்றி,
நாற்பது நாள் அடக்கிய அல்லேலூயாவைப் பாடி
வீடுவரப் பதினொன்றரை.
விழிப்பு வந்தபோது
அடுப்பின் கடிகாரத்தில் மூன்று பத்து.
கைபேசியில் இரண்டு பத்து.
கோடைநேரம் முடிந்துவிட்டதாம்.
ஒக்டோபரில் நம்மிடம் கைமாற்றாக வாங்கும் மணித்தியாலத்தை
ஏப்ரலில் திருப்பித் தரும் அரசாங்கம்.
தெரிந்த கணக்குத்தான். இருந்தாலும்
இன்றைக்கென்று பார்த்து.

குசினிக் கதிரையில் இருந்தேன்.
செபமாலை எடுக்கவில்லை.
கழுவின கால்களைக் குளிர்ந்த தரையில் வைத்து
இரண்டு கடிகாரங்களுக்கும் நடுவே விழித்திருந்தேன்.
பிந்திவிட்டேன், தெரியும்.
நீர் எழும்பித் தோட்டத்துப் பக்கம் போயிருப்பீர்.

மேசையில், வாளிக்குத் தப்பிய ஒரு பணிஸ்,
ஒரு கை நீண்ட சிலுவையோடு.
நான்கு பத்துக்கு, அல்லது மூன்று பத்துக்கு,
பிய்த்துத் தேத்தண்ணியில் தோய்த்தேன்.
கொஞ்சம் காய்ந்திருந்தது.