முதல் சாவி

விற்றுவிடலாம் என்று நான் சொன்னது
ராயக்கோட்டை தக்காளி மண்டி வாசலில்.
அதன் காதில் விழுந்திருக்க வேண்டும்.
மறுநாள் முதல் சாவிக்கே ஸ்டார்ட் ஆனது,
பதினோரு வருடத்தில் இல்லாத மரியாதை.

டாடா டூ நாட் செவன்.
கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆவதற்கு முன் பதிவானது.
நம்பர் பிளேட்டில் இன்னும் தர்மபுரி.

மூன்றாம் கியர் தானாகக் கழன்று விழும்.
இடது கையால் அதை அழுத்திப் பிடித்தபடியே
சூளகிரி மேடு ஏறவேண்டும்.
மூக்கு அரித்தால்
சமதளம் வரும்வரை அரிக்கட்டும்.
கதவு உள்ளிருந்து திறக்காது.
கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு,
திருட வந்தவன் மாதிரி
என் வண்டியிலிருந்து நான் இறங்குவேன்.
டீசல் முள் எப்போதும் பாதியில்.
குச்சி விட்டு ஆழம் பார்க்கிறேன்.

காவேரிப்பட்டணம் அன்வர் பாஷா
பானெட்டைத் தூக்கியதும் சிரிப்பார்,
பிறகுதான் ஸ்பேனர்.
"கம்பெனி போட்டதில் என்ன பாய் மிச்சம்?"
ஹாரனைக் காட்டினார்.
அது அடிப்பதில்லை.

எஃப்.சி. வரும் மாதம் வீட்டில் கறி கிடையாது.
மாதம்மாளின் கம்மல் இரண்டு முறை போய்
ஒரு முறைதான் திரும்பி வந்தது.
அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்வதில்லை.
வண்டியில் ஏறினால் மட்டும்
கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்துவாள்.

ஆனால் வைகாசியில்
போச்சம்பள்ளித் தோப்பிலிருந்து
நாற்பது கூடை செந்தூரா ஏற்றி
ராத்திரி பதினோரு மணிக்குக் கிளம்பினால்
புது வண்டிகள் கண்ணாடி ஏற்றிய ஏசியில் பறக்கும்.
எனக்குப் பின் கண்ணாடியே கிடையாது.
நாற்பது கூடை வாசனையும்
என் பிடரியில் உட்கார்ந்து வரும்.

வாங்க வந்தவர் மத்திகிரி முனிரத்தினம்.
டயரை உதைத்துப் பார்த்தார்.
"குறை ஏதாச்சும் இருக்கா?"
மறைக்கக் கூடாதென்று ஆரம்பித்தேன்.
கியர், கதவு, முள்,
ஒரு பக்கம் மட்டும் துடைக்கும் வைப்பர்,
குருபரப்பள்ளி தாண்டியதும் அடியில் கேட்கும் கிணுகிணுப்பு,
அது எந்தப் பாலத்தில் நிற்கும்,
வேகம் குறைத்தால் திரும்ப வரும்,
பாட்டு மாதிரி விட்டுவிடலாம், பயப்பட வேண்டாம்...
டீ ஆறிப்போயிருந்தது.
அவர் வண்டியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.
எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு,
"நீங்க விக்கமாட்டீங்க, அண்ணா" என்றார்.

மாதம்மாள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.
அவள் நடையில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

விடியற்காலை மூன்றரை. மண்டிக்கு லோடு.
சாவியைத் திருப்பினேன்.
முனகல்கூட இல்லை.
பிழைத்துக்கொண்டோம் என்று தெரிந்துவிட்டது அதற்கு.

யாரை எழுப்புவது தள்ள என்று
இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது
பின்பக்கம் தகரத்தில் இரண்டு தட்டு.
கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டே
மாதம்மாள் சொல்கிறாள்:
"செகண்டுல போடுங்க.
நான் சொன்னதும் கிளட்சை விடணும்.
போன தடவை மாதிரி முந்தி விட்டுடாதீங்க."