ஒன்பதாவது படகு

விலை ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
தொலைபேசிக்கு வந்த பதினான்கு பக்கங்களை
என்.சி. வீதியில் அச்செடுத்தேன்,
பக்கம் இருபது ரூபாய், அது வேறு.
பதின்மூன்று பக்கமும் முக்கோணங்கள்.
கடைசிப் பக்கத்தின் அடியில்
எறும்பளவு எழுத்தில்:
“உங்கள் வீட்டுப் பாவனைக்கு மட்டும்.”

என் வீட்டில் ஒரு கட்டில்தான்.
அதற்கு ஒரு குவில்ட் தைத்தேன்.
நிலாவெளி விடுதிக்காரர் வந்து பார்த்தார்.
பிறகு பதினொன்று தைத்தேன்.

படம் லொரெட்டா அன்ராடோவுடையது,
பாலையூற்றில் பிறந்தவ, இப்ப பேர்த்தில்.
உட்துறைமுகத்தில் ஒன்பது படகு,
படகுக்கு இரண்டு முக்கோணப் பாய்,
எல்லாப் பாயும் கச்சானுக்கு ஒரே பக்கம் சாயும்.
தண்ணீருக்குப் பதினாறு சதுரம், நான்கு நீலம்.
கடையில் மூன்று நீலம்தான் இருந்தது.
நாலாவதுக்கு
இவரின் துறைமுக வேலைச் சட்டைகளை வெட்டினேன்.

விடுதி இப்போது நாற்பது கேட்டது.
நாற்பது என்றால் ஓவர்லொக் மெஷின்.
நாற்பது என்றால் அடகுக்கடையிலிருந்து காப்பு.
நாற்பது என்றதும்தான்
அந்த எறும்புகள் ஊரத் தொடங்கின.

சட்டத்தரணி மதிவதனியைக் கேட்டேன்,
நீதிமன்ற வாசலில், அவ குடை விரிக்கிற நேரம்.
“தாள் அவவின்ர. துணி உங்கட.
முக்கோணம் ஒருத்தருக்கும் சொந்தமில்லை.
இதுக்கெல்லாம் நடுவில ஏதோ ஒண்டு விக்குது,
அது ஆருடையது எண்டு
கேஸ் போட்டால்தான் தெரியும்.
போடாதேங்கோ.”

பக்கத்து வீட்டு நிரோஷினிக்குச் சந்தேகமே இல்லை.
“சமையல் புத்தகம் பார்த்து அவிச்ச புட்டைக்
கடையில விக்கிறதில்லையா அக்கா?”
புட்டுக்கு ஒருவரும்
பதின்மூன்று பக்கம் கோடு கீறவில்லை, நிரோ.

அந்தக் கோடுகளை நான் அளந்து பார்த்திருக்கிறேன்.
தையலுக்கு விட்ட கால் அங்குலம்
ஓரிடத்திலும் பிசகவில்லை.
இரவுகளில் உட்கார்ந்து
அழித்து அழித்துக் கீறின கை அது.
அந்த இரவுகளுக்கு ஒருதரம் காசு கொடுத்தேன்,
பதினொரு தரம் எடுத்தேன்.

நூல் வாங்கப் போன ஒரு வியாழக்கிழமை
மத்திய வீதியில், தில்லையம்பலத்தின் கடை வாசலில்
தொங்குகிறது அதே துறைமுகம்.
மெல்லிய துணி. அரைவிலை.
கிட்டப் போனேன்.
எட்டுப் படகின் பாய்கள் கச்சானுக்குச் சாய்ந்திருந்தன.
கீழ்வரிசை, இடது மூலை, ஒன்பதாவது மட்டும்
காற்றுக்கு எதிரே போகிறது.

அது லொரெட்டாவின் படத்தில் இல்லை.
முதலாவதைத் தைத்த இரவு கரண்ட் போய்
மெழுகுதிரி வெளிச்சத்தில் நான் மாறிப் பொருத்தின பாய்.
பிரிக்கப் பஞ்சி, அப்படியே விட்டேன்.
விடுதிக்காரர் அதைத்தான் முதலில் தொட்டார்.
அதனால் பதினொன்றிலும்
வேண்டுமென்றே மாற்றி வைத்தேன்.

“இது என்ர!”
வீதியே திரும்பிப் பார்த்தது.
“எது, பிள்ளை?” என்றார் தில்லையம்பலம்.
“இந்தப் பிழை.”
அவர் கணக்குக் கொப்பியை மூடினார்.
“சந்தைக்கு வந்த சாமான்.
ஆரும் பார்க்கலாம், ஆரும் தைக்கலாம்.”
பதினொரு தரமும் எனக்கு நானே சொன்ன அதே வசனம்,
சொல் பிசகாமல்.

அன்றிரவே பேர்த்துக்கு எழுதினேன்.
பதினொன்று. விற்ற விலை. வரப்போகும் நாற்பது.
ஒன்பதாவது படகையும் படம் பிடித்து அனுப்பினேன்,
இனி மறைக்க என்ன இருக்கு.

ஆறு நாள் பதிலில்லை.
ஆறு நாளும் மெஷின் உறைக்குள் கிடந்தது.
ஏழாம் நாள்:

“விற்றதில் பத்தில் ஒன்று அனுப்புங்கோ.
நாற்பதுக்கும் அதுதான் கணக்கு.
லேபலில் என்ர பெயர் வேணும், எழுத்துப்பிழை இல்லாமல்.
அந்த நாலாவது நீலம் எந்தக் கடை?
எதிர்க்காற்றில் போற படகு நல்ல வடிவு.
அடுத்த பதிப்பில் அதை நான் போடலாமா?”

நிலாவெளிக்கு ஓம் சொல்லிவிட்டேன்.
நீலத்துக்கு, கடை இல்லை, சட்டை என்று எழுதினேன்.
கடைசிக் கேள்விக்கு இன்னும் எழுதவில்லை.
கத்தரிக்கோல் வாய் திறந்தபடி மேசையில் கிடக்கிறது.
எவ்வளவு கேட்கலாம் என்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.