காலிக் கட்டம்

முதலில் வந்தவன் அருளப்பன்.
இமை இரண்டும் பாதி இறங்கி
நாக்கு குழறி
சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
"ஏத்திட்டு வந்திருக்கான், ஓரமாப் படுக்கப் போடுங்க"
என்றார் காவலாளி.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
பதிவேட்டில் அதற்கு இடமில்லை,
இங்கே எழுதிவைக்கிறேன்.

குனிந்து முகர்ந்தேன். சாராய வாடை இல்லை.
தொட்டேன். காய்ச்சல் இல்லை.
"சிஸ்டர், நீங்க ரெண்டு பேரா நிக்கிறீக"
என்றான்.
புத்தி தெளிவாய்த்தான் இருந்தது,
சொல்தான் வழியில் எங்கோ தட்டுக்கெட்டது.

ஒன்பதரைக்கு முத்துராக்கு.
பாசி எடுக்கிறவள்.
விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை.
நாளெல்லாம் முங்கி மூச்சடக்குகிறவள்
கட்டிலில் கிடந்து மூச்சைத் தேடினாள்.
அதே இமை.

பத்தேகாலுக்கு
உப்பளத்துக் காவல் அபுதாகிர்,
தன் இமையைத் தானே விரலால் தூக்கிப் பிடித்து
வாசல் எதுவென்று பார்த்தபடி.

மூன்று தெரு. மூன்று அடுப்பு.
ஒருவர் வீட்டில் ஒருவர் கைநனைத்ததில்லை.

ராமநாதபுரத்தில் ஒருநாள் பயிற்சி,
பிரியாணிக்குப் பிந்தைய அரைத்தூக்கம்.
திரையில் ஒரு வரி:
வேண்டுமென்றே பரப்பியதாகவும் இருக்கலாம்.
"வாலிநோக்கத்தைத் தேடி யாருடீ வரப்போறா"
என்று சிரித்தோம்.
அந்த அம்மா சிரிக்கவில்லை.
"நிச்சயமாகிற வரைக்கும் காத்திருக்காதீங்க.
வழக்கமில்லாததைப் பார்த்தா சொல்லிடுங்க,
தப்பாப் போனா போகட்டும்."

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல்.
டாக்டருக்கு. நூற்றெட்டுக்கு.
பிறகு
மாவட்டக் கண்காணிப்புப் பிரிவுக்கு.
"என்ன நோய்?" "தெரியாது சார்."
"பிறகு?"
"மூணும் ஒண்ணு போல இருக்கு.
கண்ணிலிருந்து கீழே இறங்குது.
மூச்சு மெஷின் மூணு தயாரா வைங்க."

அதற்குள் வெளியே கூட்டம்.
அக்கரையிலிருந்து வந்தது என்றான் ஒருவன்.
அவங்க வேலைதான் என்றான் இன்னொருவன்,
எந்த அவங்க என்று
கண்ணாலேயே காட்டினான்.
கடலோரக் காவல் எஸ்.ஐ. பேனாவைத் திறந்தார்:
"யாரு மேல சந்தேகம்?"
"எனக்கு இமை தெரியும், சார்.
ஆள் தெரியாது."

நேரம் எழுதினேன், தெரு எழுதினேன்,
முதல் அறிகுறி எத்தனை மணிக்கு என்று
ஒவ்வொருவரிடமும் இருமுறை கேட்டு எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தைக்
காலியாக விட்டேன்.
அவ்வளவு காலியாக எதையும்
இதுவரை விட்டதில்லை.

ஆம்புலன்ஸ் ஏறும்போது அபுதாகிரிடம் கேட்டேன்:
"இந்த ரெண்டு நாளில் கடல் என்ன கொடுத்துச்சு?"
பேச்சு வரவில்லை.
உள்ளங்கையைக் குவித்து
உருண்டையாய் ஒரு டப்பா காட்டினார்.
கரையில் ஒதுங்கிய பெட்டி.
பெயர் படிக்க முடியாத தகரம்.
எடுத்தவர் எடுத்தது.

தடுப்பூசிக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது.
மீன் ஏலக்காரரிடம் ஐஸ்பெட்டி இரவல் வாங்கி
கையுறை மேல் கையுறை,
பாதி தின்ற டப்பாவை உறைமேல் உறையிட்டு
அரக்கு ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன்.
மிதந்து வந்ததா, யாரும் மிதக்க விட்டதா,
அது வேறு யாருடைய இரவுப் பணி.

பள்ளிவாசல் மைக்கிலும் கோயில் மைக்கிலும்
இப்போது ஒரே வாக்கியம்:
டப்பாவைத் திங்காதீக, தூரப் போடாதீக,
தொடாம வச்சிருங்க, நர்ஸம்மா வருவாக.

மணி ஒன்றேமுக்கால்.
கண்ணாடியில் என் இமையை ஒருமுறை பார்த்துக்கொண்டு
வாசலுக்கு எதிரே நாற்காலி போட்டிருக்கிறேன்.
நாலாவது ஆள்
வரக் கூடாது.
வந்தால்
நான் தூங்கியிருக்கக் கூடாது.