உள்தையல்

மூன்று சனிக்கிழமையாக வண்டி பார்க்கிறோம்.
டைட்டஸ் கையில் டார்ச்சு.
ஆன்றோ கையில், உடைந்த ஸ்பீக்கரில் பிடுங்கிய காந்தம்.
என் கழுத்தில் எப்போதும் கிடக்கும் இஞ்சு டேப்.

மார்த்தாண்டத்தில், பாலத்துக்கு அடியில் நின்றது பொலேரோ,
குளித்துப் பவுடர் போட்ட மாப்பிள்ளை மாதிரி.
"ஒத்த ஓனராக்கும், டாக்டர் ஓட்டுனது"
என்றார் தரகர் வில்பிரட்.
ஆன்றோ கதவில் காந்தத்தை வைத்தான்.
அது வழுக்கிக்கொண்டே வந்து
அவன் செருப்பில் விழுந்தது.
பெயின்டுக்குக் கீழே முழுக்கப் பட்டி.
டாக்டர் வண்டிக்கும் கட்டுப்போட்டிருக்கிறார்கள்.

தக்கலையில் ஒரு ஜிப்சி, பட்டாளத்து ஏலம்.
டைட்டஸ் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.
பெண்பார்க்க வந்த அன்று
என்னைக்கூட இப்படிப் பார்க்கவில்லை.
நான் பின்சீட்டை அளந்தேன். முப்பத்தெட்டு.
வீட்டில் ஐந்து உடம்பு.
அதில் என் தம்பி ரெஜினுக்கு இடுப்பே நாற்பத்தி நாலு.
"ஒருநாள் கூத்துக்கு..." என்று தொடங்கினேன்.
அவர் போனட்டை மெல்ல மூடினார்,
உறங்குகிற பிள்ளைக்குப் போர்த்திவிடுவதைப்போல.

எங்கே போகப்போகிறீர்கள் என்று எல்லோரும் கேட்டாயிற்று,
சபையில், ரேஷன் வரிசையில்,
பிளவுஸ் வாங்க வந்தவர்கள் எல்லாம்.
பேச்சிப்பாறைக்குப் பஸ் இருக்கிறது.
காட்டுக்குள்ளே போனால் வனத்துறை கைகாட்டும்.
எங்களுக்கு வேண்டியது இரண்டரை கிலோமீட்டர்.
ஒக்கி அடித்த ராத்திரி
நூற்றிப்பத்து ரப்பர் மூடு சரிந்ததோடு
விளைக்குப் போகிற பாதையும் ஓடைக்குள் போனது.
திரும்ப வைத்த கன்று இப்போது பால் வெட்டுகிற பருவம்.
ஷீட்டு இறக்க வேண்டும்.
ஞாயிறு ஆராதனை முடிந்து
ஐந்து பேரும் அங்கே போய்ச் சோறு பொங்க வேண்டும்.
ஜெர்லினுக்கு வாந்தி வரக்கூடாது.
இவ்வளவையும் ஒரு வண்டி செய்ய வேண்டும்.

திற்பரப்பு ரோட்டில், டயர்க்கடைக்குப் பின்னால்,
புல்லுக்குள் ஒரு கமாண்டர்.
பச்சையா நீலமா, அதற்கே மறந்திருக்கும்.
காந்தம் அறைந்தமாதிரி ஒட்டியது.
துரு, துருவாகவே இருந்தது.

ரெடிமேடு சுடிதாரை ஆல்டர் பண்ணக் கொண்டுவருவார்கள்.
மினுமினுவென்று இருக்கும்.
திருப்பிப் பார்த்தால்
உள்தையலில் நூலளவு துணி விட்டிருக்க மாட்டான்.
பிடிக்கலாம். விட முடியாது.
சில பழைய உடுப்பில்தான்
ஒன்றரை இஞ்சு உள்ளே மடங்கிக் கிடக்கும்,
இவள் ஒருநாள் தடிப்பாள் என்று
எவனோ முன்கூட்டியே நம்பியதுபோல.

சாக்கு விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன்.
வில்பிரட் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.
சேசிஸைத் தடவிக்கொண்டே போனேன்.
பின்சக்கரம் தாண்டிப் பதினாறு இஞ்சு
சும்மா கிடந்தது.
"இருக்கு" என்றேன்.
"என்னது?"
"பிரிச்சுத் தைக்க எடம்."

களியல் வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம்.
மூன்றாவது வளைவில் ஜெர்லின் வாந்தியெடுத்தாள்.
பின்னால் கதவே இல்லை, எல்லாம் ரோட்டோடு போயிற்று.
வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:
"இதுலெ எளுப்பம்."

எழுபதாயிரத்துக்குக் கேட்டோம், எண்பத்தி இரண்டில் நின்றது.
எஃப்சி நாலு மாசம்தான்.
எதை வெட்டினாலும் ஆர்டிஓ ஆபீசில் கேட்டுத்தான் வெட்ட வேண்டும்.
டைட்டஸ் என் பில்புக்கின் பின்னால்
வின்ச்சு வரைந்தார், மேலே கேரியர் வரைந்தார்.
முதலில் ரெக்சின் என்றேன்.
நீங்கள் வரைந்ததில் எங்கள் ஐந்து பேரையும் காணவில்லையே என்றேன்.

சாயங்காலம் நான்தான்
தையல் சாக்கட்டியால் அதன் உடம்பில் கோடு போட்டேன்,
சீட்டு இங்கே, அடுப்பு இங்கே,
ரெஜின் இங்கே.
ராத்திரி மழை பிடித்துக்கொண்டது.
காலையில் ஒரு கோடும் இல்லை.
டேப்பை எடுத்துக்கொண்டு போகிறேன்.