கொம்பு

ஐஸ் கொம்பனியில் கணக்கு எழுதுகிறேன்.
எத்தனை கட்டி, எந்தப் படகு, எவ்வளவு கடன்.
கோப்பின் பெயர் நீண்டால்
படத்துக்குக் கீழே இரண்டு வரியாய் மடியும்.
மடிகிற இடத்தில் கொட்டியாரம் முறிந்து
மேல்வரியில் மொட்டைக் ககரம்,
கீழ்வரியில்
ஆளில்லாத ஒரு புள்ளிவட்டத்தை
இரண்டு பக்கமும் பிடித்தபடி
கொம்பும் காலும்.

தானம் தந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்றார் முதலாளி.
றிஸ்மியாவிடம் சொன்னேன். சிரித்தாள்.
'இது தானமில்லை, கட்டற்றது.
பல்லென்ன, வாயையே கழற்றிப் பார்க்கலாம்.
திரும்பப் பூட்டத் தெரிஞ்சால் சரி.'

சனிக்கிழமைகளில்
ஏகாம்பரம் வீதியில், போட்டோக் கொப்பிக் கடைக்கு மேலே கூடுவோம்.
றிஸ்மியா பிரசவ விடுதித் தாதி,
இரவு வேலை முடித்து
கிண்ணியாப் பாலம் தாண்டி நித்திரைக் கண்ணோடு வருவாள்.
கஜரூபன் வீடுகளுக்கு வயர் இழுப்பவன்.
குப்பைத்தொட்டியா கழிவுத்தொட்டியா என்ற சண்டையில்
இரண்டு கிழமை எனக்கு முகம் தரவில்லை.
(குப்பைத்தொட்டி வென்றது. அவனுடையது.)

உதார அடையாள அட்டைக்குக் கொப்பி எடுக்க வந்தவன்.
மேலே சத்தம் கேட்டு ஏறினான்,
திரையில் புள்ளிவட்டத்தைக் கண்டு
செருப்போடு உள்ளே வந்துவிட்டான்.
'இது எங்கட எழுத்திலயும் இருக்கு.'
தன் மொழியில் கொட்டியாரம் அடித்தான்.
அங்கேயும் அதே இடத்தில், அதே முறிவு.
'இதுக்கு என்ன பேர்?'
'கொம்பு.'
'நாங்க கொம்புவ.'
கீழே தெருவில்
பணிஸ் உறை மென்றுகொண்டு நின்ற கலைமான்
தலை நிமிர்த்திப் பார்த்தது.
அதைக் காட்டி நாலு பேரும் சிரித்தோம்,
தேநீர் ஆறிப்போகுமட்டும்.

திருத்தம் எழுத ஐந்து சனி எடுத்தது.
பன்னிரண்டே வரிதான்.
செக் நாட்டிலிருந்து பெத்ரா திருப்பி அனுப்பினாள்:
மூன்றாம் வரியில் ஓர் இடைவெளி கூட.
பிறகு: சோதனை எங்கே?
பிறகு: மன்னிக்க, எனக்கு உங்கள் எழுத்து தெரியாது,
இது ஓர் எழுத்தா, மூன்றா?

றிஸ்மியா பதில் எழுதினாள்:
கையால் எழுத மூன்று.
பொறி சேமிக்க இரண்டு.
வாயால் சொல்ல ஒன்று.
மடிக்கும்போது
தயவுசெய்து வாயைக் கேள்.

பதினொரு நாள் சத்தமில்லை.
பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பன்னிரண்டாம் நாள் வந்தாள் பெத்ரா.
றிஸ்மியா அதற்கும் நாலு கேள்வி கேட்டாள்,
எத்தனை பாகை, தண்ணீர் குடிக்குதா.
இடையில் கம்போடியாவிலிருந்து யாரோ ஒருவர்
ஒரே ஒரு வரி: எங்களுக்கும் இப்படித்தான்.

சேர்த்த இரவு கரண்ட் இல்லை.
உதாரவின் போனில் கடைசி எட்டு வீதம்.
'ஏற்கப்பட்டது' என்ற சொல்லை
வியர்வை முகங்களால் மறைத்து மறைத்து வாசித்தோம்.
கீழ்க்கடைச் சீவரத்தினம் மெழுகுதிரியோடு ஏறி வந்து
என்ன செத்தவீடா என்றார்.

பங்களித்தோர் பட்டியலில் அவர் பெயரும் வேண்டுமென்று
கஜரூபன் ஒற்றைக் காலில் நின்றான்.
அவர் என்ன எழுதினார், பெத்ரா கேட்டாள்.
கஜரூபன் எழுதினான்: பதினாலு மாத லைட் பில்.
ஒரு நிமிடத்தில் சேர்த்துவிட்டாள்.
அதற்கு மட்டும் சோதனை கேட்கவில்லை.

திங்கட்கிழமை கணக்கைத் திறந்தேன்.
கொட்டியாரம் உடையாமல், முழுசாய்
கீழ்வரிக்கு இறங்கி உட்கார்ந்திருந்தது.
முதலாளி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.
நேற்றைய கட்டி எத்தனை என்றார்.
ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை.
அவ்வளவு நன்றாய் வந்திருந்தது.

பின்னேரம் உதாரவின் செய்தி:
'அச்சடிச்சா இன்னும் முறியுது மச்சான்.'
படமும் அனுப்பியிருந்தான்,
வெள்ளைத் தாளில் எங்கள் பழைய புள்ளிவட்டம்.

சனிக்கிழமை, என்று பதில் போட்டேன்.
செருப்பைக் கழற்றிவிட்டு வா.