எட்டு நிமிடம்

காலையிலிருந்து ஒன்பது முறை
எனக்குப் புற்றுநோய்.
மணி அடித்தால் வரும்,
எட்டாம் நிமிடம் அடித்தால் போய்விடும்.
நாளுக்கு அறுநூறு ரூபாய், எலுமிச்சை சாதம்.
செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுக்குத் திருகாணி வைக்கிற கை
இங்கே மடியில் நடுங்க வேண்டுமாம்,
தாளில் இருக்கிறது.

பிள்ளைகள் பரவாயில்லை.
ஒருத்தி தண்ணீர் நீட்டினாள்.
ஒருவன் எனக்கு முன்னால் அழுதுவிட்டான்,
அதற்கு மதிப்பெண் கட்டம் இல்லை.

மதியம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி.
பத்தாவதாக டாக்டர் இளம்பரிதி.
அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
மூன்று வருடம் முன்பு, லிஃப்ட் பக்கத்தில்,
ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட்டபடி
என் வீட்டுக்காரர் போய்விட்டதைச் சொன்ன குரல்.
அவருக்கு நினைவில்லை. எப்படி இருக்கும்?

இன்றும் ரிப்போர்ட்டைப் பார்த்தே சொன்னார்.
நோயாளியின் கருத்து என்ன என்றார்கள்.
"என் முகத்தைப் பார்க்கலைங்க சார்.
நின்னுக்கிட்டே சொன்னீங்க."
அன்றைக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.
"இன்னொரு தடவை செய்யட்டுமா?"

ஸ்டூலை இழுத்தார், தரை கிறீச்சிட்டது.
வெளியே ஏற்காடு பஸ்ஸின் ஹாரன்
அடங்கும்வரை காத்திருந்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.

தாளில் இல்லாததை நான் கேட்டேன்:
"கடைசியில அவருக்கு வலிச்சுதுங்களா?"

மணி அடித்தது.
அவர் எழுந்திருக்கவில்லை.