காற்று மேல் ஃபவுல்

மூன்றாம் குவார்ட்டர், நாலு நிமிஷம் பாக்கி.
தண்டையார்பேட்டை மாநகராட்சி மைதானத்தில்
ஆறு விளக்கில் நாலுதான் எரிகிறது.
மணலிப் பக்கமிருந்து மூக்கை அரிக்கும் காற்று.
தணிகாசலம் பந்தோடு திரும்புகிறான்.
ஆல்பின் பறக்கிறான்.

பறக்கிறான் என்றால்
இரண்டு கையும் விரிய, தலை பின்னால் சாய,
சிமெண்டில் முதுகு தேய மூன்றடி வழுக்கி,
எல்லாம் முடிந்தபின் ஒரு "அம்மா".
அந்த அம்மா கொஞ்சம் தாமதமாக வந்தாள்.

விழுவது எனக்குத் தெரியும்.
கல்மண்டபம் ஸ்கேன் சென்டரில்
பதினோரு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன்.
நிஜமாக விழுகிறவன் கையை விரிக்க மாட்டான்.
ஊன்றுவான்.
மணிக்கட்டு போகும்.

அங்கே வருகிறவர்கள் நடிப்பது வேறு.
ஹார்பர் லோடுமேன் ஒருத்தர், விலாவில் விரிசல்,
மூச்சை உள்ளேயே பிடித்துக்கொண்டு சிரித்தார்:
"சுளுக்குதான் மேடம். அப்டியே எழுதிக் குடுங்க.
நாளைக்கு கப்பல் நிக்குது."

தணிகாசலம் கைகளைத் தூக்கி நிற்கிறான்.
அவன் கணக்கில் ஏற்கெனவே நாலு ஃபவுல்.
இன்னொன்று ஊதினால் பெஞ்சுக்குப் போய்
தண்ணி பாட்டிலைக் காலால் உருட்டிக்கொண்டிருப்பான்.
"தொடவே இல்ல மேடம். சத்தியமா.
ஒடம்பு இந்த சைஸுல இருக்கறது என் தப்பா?"

சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் பையன்கள்:
"காத்து தள்ளிச்சு மேடம்!
காத்து மேல ஃபவுல் குடுங்க!"
மைதானமே சிரிக்கிறது. ஸ்கோர் எழுதுகிறவர்கூட.
தரையில் முனகுகிறவன்
ஒரு கண்ணை மட்டும் திறந்து
என் வாயிலிருக்கும் விசிலைப் பார்க்கிறான்.

முதல் தடவை எச்சரிக்கை. அது போன குவார்ட்டரிலேயே ஆயிற்று.
ஊதினேன்.
ஒரு உள்ளங்கைமேல் இன்னொரு கையின் விரல்நுனி:
டெக்னிகல், ஆல்பின் மேல்.

உடனே எழுந்துவிட்டான், அவ்வளவு சுகமாக.
முதுகுத் தூசியைத் தட்டியபடி என் பக்கம் வந்தான்.
கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபம்.
"ஃபர்ஸ்ட் ஹாஃப்ல முழங்கைல குத்தினான்.
நின்னுக்கினே வாங்கினேன். நீங்க ஊதல.
வுழுந்தாதான உங்களுக்கு கேக்குது?"
ஜெர்சியை ஒரு சாண் தூக்கிக் காட்டினான்.
ஐந்து ரூபாய்க் காசளவு சிவப்பு.
ஏழாவது விலாவா எட்டாவதா என்று
என் கண் தன்பாட்டுக்கு எண்ணத் தொடங்கியது.

நடுவர் பதில் சொல்லக் கூடாது. சொல்லவில்லை.
தண்டனை சரி. இப்போது கேட்டாலும் சரி என்றே சொல்வேன்.
ஐந்தாவது ஃபவுல் வாங்க இருந்தவன்
அதற்கு ஒன்றும் செய்யவில்லை.
ஆனால் அந்த முழங்கை பட்ட நேரம்
நான் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன்?
பந்தைத்தான். எல்லோரையும்போல.
ஊதாத விசிலை எழுத
ஸ்கோர் ஷீட்டில் கட்டம் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது.
இன்று எனக்கு சாயங்கால ஷிஃப்ட்.
மதியம் சென்டருக்கு போன் போட்டு
ஜுரம் என்றேன், தொண்டையைச் செருமினேன்.
அந்த இருமலும் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.
"ரெஸ்ட் எடும்மா" என்றார் மேனேஜர்,
பாவம், நம்பிவிட்டார்.

ஒரு ஃப்ரீ த்ரோ.
தணிகாசலமே போட்டான்.
வளையத்தைச் சுற்றி வந்து, யோசித்து,
வெளியே விழுந்தது பந்து.
"பாருங்க, மறுபடியும் காத்துதான்!" என்றது சுவர்.

மிச்சமிருந்த நேரம் முழுக்க
பந்து எங்கே போனதென்று கேட்காதீர்கள்.
நான் முழங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.